போன் முகப்பில் இரண்டு ஊர்கள்

என் கணவர் விடுப்பு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், என் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் போர்வெல் வண்டியில் டிரில்லர். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் ரிக் வண்டிக்குப் போன ஆள் ஒருவராவது இருப்பார். முன்பு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது ஆப்பிரிக்கா வரைக்கும் போகிறார்கள். இவர் போனது தான்சானியாவுக்கு. டோடோமா என்ற நகரத்தைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் குடிதண்ணீருக்கு போர் போடுகிற வேலை.

“என்னுங்க பண்றீங்க என்ற போன வெச்சுட்டு?” என்று கேட்டேன்.

“இரு புள்ள. நீ எப்பக் கூப்புட்டாலும் ஒண்ணு நான் தூங்கிட்டிருப்பேன், இல்லீன்னா வண்டி ஓடிட்டிருக்கும். சத்தத்துல ஒண்ணுமே கேக்கறதில்ல. அங்கத்த மணி உனக்குத் தெரிஞ்சாத்தான இதுக்கு ஒரு முடிவு வரும்?”

அவர் சொன்னது உண்மைதான். அந்த ஊர் மணி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கழிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் அடுப்பில் ஒரு கண்ணும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் மகள் மேல் ஒரு கண்ணுமாக இருக்கிறபோது கணக்கு எங்கே வருகிறது? விடியற்காலையில் அவரை எழுப்பிவிட்டுவிட்டு, “தூங்கிட்டா இருந்தீங்க?” என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

“வெத்தா இருக்கற எடத்துல வெரல வெச்சு அழுத்திப் புடி. ம், அப்பிடித்தான். எடுத்துராத” என்று என் விரலைப் பிடித்தே செய்யவைத்தார். திரை முழுவதும் கொஞ்சம் சுருங்கிப் பின்னால் போனது. கீழே விட்ஜெட் என்று வந்தது. அதைத் தொட்டதும் கடிகாரம், காலண்டர், வானிலை என்று வரிசையாக வந்தன. ஒரு கடிகாரத்தை இழுத்துக்கொண்டுவந்து மேலே வைத்தார். முகப்புப் படமாக எங்கள் மகளின் முகம் இருந்தது. அவள் நெற்றியில் உட்கார்ந்துவிட்டது என்று அதை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினார்.

அது நம் ஊர்க் கடிகாரம். அடுத்தது அந்த ஊருடையது. ஊர்ப் பட்டியலில் டோடோமா இல்லை. தேடிப் பார்த்துவிட்டு, “பரவால்ல, நாடு முச்சூடும் ஒரே மணிதான்” என்று வேறொரு ஊரை வைத்தார். தார் எஸ் சலாம் என்று வாய்விட்டுப் படித்தார்.

முற்றத்தில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்த என் மாமனார் நிமிர்ந்து பார்த்தார். “சேலமா?”

“சேலமில்லீங்கப்பா, சலாம். அந்த நாட்டுல பெரிய ஊரு. கப்பலெல்லாம் வரும்.”

“அங்கயும் ஒரு சேலத்தக் கொண்டுபோயி வெச்சுப்போட்டாங்களா!” என்றார் மாமனார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தக் கடிகாரத்துக்கு ‘அங்கத்த சேலம்’ என்றே பெயர் ஆகிவிட்டது.

கடைசியில் வானிலையைச் சேர்த்தார். அதில் டோடோமா இருந்தது. ஒரு சூரியன், பக்கத்தில் வெப்பம் எத்தனை டிகிரி என்று ஓர் எண். “இந்தச் சூரியன் இருந்தா வேலைல இருக்கேன்னு வெச்சுக்க. மழைப் படம் வந்துச்சுன்னா எனக்கு லீவு. அங்க சேத்துல வண்டி எறங்காது. கூடாரத்துல கம்முனு படுத்திருப்பேன். அன்னைக்கு நானே கூப்புடறேன், நீ கூப்புட வேண்டியதில்ல” என்றார்.

மறுநாள் போய்விட்டார்.

நானும் மாமனாரும் அதற்கு முன்னால் அதிகம் பேசிக்கொண்டவர்கள் அல்ல. மாமியார் இருந்தவரைக்கும் எல்லாம் அவர் வழியாகத்தான். அவர் போன பிறகு மகள் வழியாக. “ஐயனச் சாப்பிட வரச் சொல்லு” என்று நான் மகளிடம் சொல்வேன். “உங்கம்மாகிட்ட வெந்நீ கேளு” என்று அவர் அவளிடம் சொல்வார். சண்டை ஒன்றும் கிடையாது. மாமனாருக்கு முன்னால் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அவரும் அதை எதிர்பார்த்தவர் இல்லை.

அந்த வானிலைப் படம் வந்த பிறகு இது மாறியது. காட்டு வேலை முடிந்து பொழுதோடு வருவார். கை கால் கழுவிவிட்டு, சமையலறை வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, “அங்க மழைங்காட்டுதா சாமி?” என்று கேட்பார். பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி என்னையும் ‘சாமி’ என்பார்.

“இல்லீங்க மாமா, வெயிலுதான்.”

“ம்” என்று போய்விடுவார்.

மழை என்று சொன்னால் போகமாட்டார். அங்கேயே நிற்பார். “பேயட்டும் சாமி, நல்லாப் பேயட்டும். பையன் செத்த நேரம் காலு நீட்டிப் படுப்பான்” என்பார். எந்நேரமும் மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்டுக்காரர். சொந்தக் காட்டில் கடலைக்கொடி வாடிக் கிடக்கும்போது, எங்கேயோ கடல் தாண்டிப் பெய்கிற மழைக்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன். அப்படியே பேச்சு வளரும். அங்கே மண் செம்மண்ணா, மாடு உண்டா, சோளம் விளையுமா என்று கேட்பார். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை இவர் கூப்பிடும்போது கேட்டுவைத்துக்கொண்டு மறுநாள் சொல்வேன். அங்கே சோளத்தை மாவாக்கிக் களி மாதிரிக் கிண்டித் தின்கிறார்கள் என்று சொன்ன அன்று மாமனாருக்கு அப்படி ஒரு நிம்மதி. “அப்பச் சோத்துக்குப் பிரச்சன இல்ல” என்றார்.

சில நாள் நெட் தீர்ந்துபோய்விடும். அப்போது படம் காலையில் இருந்தபடியே நிற்கும். அது தெரியாமல், ‘என்ன, ராத்திரி ஆகியும் அங்கே அதே வெயிலா’ என்று பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். மகளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் அந்த இரண்டு கடிகாரங்களை வைத்துத்தான். பள்ளிக்கூடத்தில் கடிகாரம் வரையச் சொன்னதற்கு இவள் இரண்டு வரைந்திருக்கிறாள். டீச்சர் கேட்டதற்கு, “ஒண்ணு அப்பாவுது” என்றாளாம்.

நம் ஊரில் பொங்கல் முடிந்து பனி குறைகிற சமயம் அங்கே நல்ல மழைக்காலம். அந்த நாட்களில் அடிக்கடி கூப்பிட்டார். கூடாரத்தின் மேல் மழை விழுகிற சத்தம் போனில் கேட்கும். மகள் அதைக் கேட்பதற்காகவே, “அப்பா, பேசாதீங்க” என்பாள்.

அன்றைக்கும் மத்தியானம் திரையில் மேகமும் மழையும் நடுவில் ஒரு மின்னலும் இருந்தது. மாமனார் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வந்திருந்தார். நானாகவே கூப்பிட்டுச் சொன்னேன். “மாமா, டோடோமாவுல பலமான மழைங்க.”

“பேயட்டும் சாமி, நல்லாப் பேயட்டும்” என்றார்.

நான் வேலைகளையெல்லாம் சீக்கிரம் முடித்துவிட்டு, போனை எதிரில் வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். “அப்பா கூப்புட்டாங்களா?” என்றாள். “இன்னும் இல்ல, கூப்புடுவாங்க” என்றேன். தூங்கியிருப்பார், அசந்து தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன். அன்று என் மனது அவ்வளவு லேசாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் ஆறமாட்டேன் என்கிறது.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வண்டி முதலாளியின் ஆள் ஒருவர் பைக்கில் வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். மாமனாரை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள். மாமனார் மெதுவாக மரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதற்கப்புறம் யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விவரம் பின்னால்தான் தெரிந்தது. முந்தின நாளே ஒரு கிராமத்தில் வேலை முடிந்துவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் தங்கினால் தண்ணீர் வந்து வண்டிகள் மாட்டிக்கொள்ளும் என்று, மழை வலுப்பதற்குள் இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட நினைத்திருக்கிறார்கள். ரிக் வண்டி தாண்டிவிட்டது. பின்னால் வந்த கம்ப்ரசர் வண்டி தரைப்பாலத்து ஓரத்தில் சறுக்கிச் சாய்ந்தது. இவர் கீழே இறங்கி நின்று டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். விலக இடமில்லை. டிரைவருக்குக் கை ஒடிந்ததோடு போயிற்று.

அங்கே மழையென்றால் இவர் படுத்திருக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். மழையில் வேறொன்றும் நடக்கலாம் என்று அந்தப் படத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உடல் வர நாளானது. சென்னைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் வந்தது. வரும்வரைக்கும் வீடு நிறைய ஆட்கள். யார் யாரோ என் போனுக்குக் கூப்பிட்டார்கள். எடுக்கும்போதெல்லாம் மகளின் முகத்துக்கு மேலே அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அங்கே என்ன மணி என்று, பழக்கத்தில், ஒவ்வொரு தடவையும் என் கண் அங்கே போனது. இப்போது எழுந்திருப்பார், இப்போது டீ குடிப்பார் என்று அதே பழக்கத்தில் மனதும் போனது.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் போன் முகப்பிலிருந்து அவற்றை எடுத்துவிட்டேன். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். மேலே ‘நீக்கு’ என்று வந்தது. அங்கே இழுத்துக்கொண்டுபோய் விட்டதும் போய்விட்டது. நிச்சயமாகவா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கடிகாரம், அப்புறம் வானிலை. நம் ஊர்க் கடிகாரத்தையும் சேர்த்தே எடுத்தேன். அது தனியாக நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

மாமனார் அதற்கப்புறம் சமையலறைப் பக்கம் வந்து நிற்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லையே. மறுபடியும் எல்லாம் மகள் வழியாக ஆனது. முன்பெல்லாம் நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தது இயல்பாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. சோறு போட்டால் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். நான் இருக்கும் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தார். ‘மழை, மழை என்று சந்தோஷமாகச் சொன்னவள் இவள்தானே’ என்று என்னைப் பார்த்தாலே தோன்றுகிறது போலிருக்கிறது என்று எனக்குள் ஒரு நினைப்பு விழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிபாளையத்தில் துணி ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. அது ஒரு விதத்தில் நல்லதாகவே பட்டது.

ஆடி மாதம் ஜலகண்டாபுரத்திலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். புதுப் போன் வாங்கியிருப்பதாகச் சொல்லி, தன் பழைய போனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பேத்தி அதில் படம் பார்க்கலாம், அப்பா தன்னோடு வீடியோவில் பேசலாம் என்றார். மாமனார் அதை வாங்கி அலமாரியில் வைத்தார். அதோடு மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்கட்டில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மாமனார் அந்தப் போனை எடுத்துக்கொண்டு வந்து, முன்பு நிற்கும் அதே தூரத்தில் நின்றார்.

“சாமி, இதுல அந்த ஊரு மழைய வெச்சுக் குடு.”

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கோபம்தான் முதலில் வந்தது. “இனி எதுக்குங்க மாமா அது?” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லோனும்னு தெரியுல சாமி. முன்னெல்லாம் அதக் கேக்கறதுக்குன்னாச்சும் வருவேன். நீயும் ரண்டு வார்த்த சொல்லுவ. இப்ப ஊட்டுல பேச்சே இல்லாமப் போச்சு” என்றார்.

மகள் பாதிப் பின்னலோடு எழுந்துபோய் அவருக்கு ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தார். நான் போனை வாங்கினேன். நாத்தனாரின் பழைய செயலிகளெல்லாம் முகப்பு முழுவதும் நிறைந்து கிடந்தன. விரல் வைக்க வெற்றிடமே இல்லை. ஒவ்வொன்றாக நீக்கி இடம் செய்தேன். அழுத்திப் பிடித்தேன். திரை சுருங்கியது. என் விரலைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த கை ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தேடினேன். கடிகாரத்தை வைத்தேன். ஊரைக் கேட்டது, தார் எஸ் சலாம் என்று எழுதினேன். வானிலையில் முதலில் திருச்செங்கோடு தானாகவே வந்தது. அதற்குக் கீழே டோடோமாவைச் சேர்த்தேன்.

அவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரல். திரைக்கு அது பிடிபடவேயில்லை. இரண்டு மூன்று முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, “நீயே சொல்லு, என்னங்காட்டுது?” என்றார்.

“வெயிலுங்க மாமா. இது அங்க மழையில்லாத காலம்.”

“ம்.”

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. “அன்னைக்கு நாந்தான் பேயட்டும்னேன்” என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

“நல்லாப் பேயட்டும்னு நாந்தான் சாமி சொன்னேன். இந்த வாயால சொன்னேன். நீ காதுல கேட்டுட்டுத்தான நின்ன? அப்பறம் உன்ற மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது?”

“மாமா, நாந்தானுங்க உங்களக் கூப்புட்டு மழைன்னு சொன்னேன்” என்றேன். இத்தனை மாதமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே நாளின் ஒரே பேச்சை ஆளுக்கொரு பக்கம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோம்.

சாவு வீட்டில் அத்தனை பேர் நடுவில் அழாத மனிதர் அன்று அழுதார். சத்தமில்லை. தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, “அவன் கடைசியாப் பேசுனப்ப என்ன சாமி சொன்னான்?” என்று கேட்டார். அதுவரைக்கும் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நான் சொன்னேன். பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே ஒரு கிராமத்தில் தண்ணீர் வந்ததும் பொம்பளைகளெல்லாம் குலவை போட்டார்கள், நம் ஊரில் போடுகிற மாதிரியே இருந்தது என்று சொல்லியிருந்தார். மகளுக்குச் சளி விட்டதா என்று கேட்டிருந்தார். மாமனார் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அன்றிலிருந்து அந்தப் போன் அவர் சட்டைப் பையில்தான். மேகம், வெயில், மழை என்று படங்களை மகள் அவருக்குப் பழக்கிவிட்டாள். நான் பஸ் இறங்கி வரும்போது வாசலில் இருப்பார். “அங்க இன்னைக்குக் காத்துங்காட்டுது சாமி” என்பார். சில நாள் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். சில நாள் தாங்க முடியாது. “அப்படிங்களா மாமா” என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விடுவேன். என் போனில் இன்றுவரைக்கும் நான் எதையும் வைக்கவில்லை. மகளின் முகம் மட்டும் இருக்கிறது.

போன பங்குனி மாதம் ராசிபுரத்திலிருந்து என் அண்ணன் வந்தார். வருஷம் திரும்பிவிட்டது, இனிமேல் இங்கே ஒற்றையாக எதற்கு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிடு, அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். அவர் பேச ஆரம்பித்ததுமே மாமனார் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “பேசிட்டிருங்க மாப்பள, காட்டுல மடை திருப்போனும்” என்று கிளம்பிவிட்டார். காட்டில் அன்று தண்ணீர் பாய்ச்சவில்லை என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் மத்தியானம் வரை இருந்தார். சாப்பிட்டார். நான் சொன்னதைக் கேட்டு வருத்தப்பட்டார், ஆனால் வற்புறுத்தவில்லை. மகளின் கையில் மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

நான் காட்டுக்குப் போனேன். மாமனார் கிணற்று மேட்டில் மண்வெட்டியைக் கிடத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். காலில் சேறு எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“மாமா, சாப்பிட வாங்க. ரொம்ப நேரமாச்சு.”

“மாப்பள போயாச்சா?”

“போயிட்டாருங்க.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல், வரப்போரத்தில் முளைத்திருந்த புல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “நீ எப்பப் போவோனும்?”

“நான் போகுலீங்க மாமா.”

என்ன, ஏன் என்று கேட்கவில்லை. தொட்டியில் கையைக் கழுவினார், முகத்தையும் கழுவினார். “கொளம்பு என்ன?” என்று கேட்டார்.

“தட்டப்பயறுங்க.”

“சரி, நட” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.